சீமைக்கிழவியின் அடுப்பு

என் கல்யாணச் சீரில் பீரோ வந்தது, கட்டில் வந்தது, கிரைண்டர் வந்தது. அதெல்லாம் எல்லா வீட்டுக்கும் வருவதுதான் என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாக்குத்துணியில் சுற்றி வந்த ஒரு கட்டை மட்டும் பிரித்துப் பார்த்தே தீருவது என்று மாப்பிள்ளை வீட்டு உறவுக்கூட்டம் மொத்தமும் சுற்றி நின்றது. பிரித்தால் உள்ளே படங்கள். சாமி படம் இல்லை, இயற்கைக் காட்சியும் இல்லை. வர்ணம்கூடக் கிடையாது. பழுப்பேறிய தாளில் கறுப்புக் கோடுகளால் வரைந்த வைக்கோல் கூரை வீடுகள், உள்ளே கவுன் போட்ட வெள்ளைக்காரப் பெண்கள் துணி துவைத்துக்கொண்டும் பன்றிக்குத் தண்ணி காட்டிக்கொண்டும் இருந்தார்கள்.

“பொண்ணூட்டுக்காரரு நல்ல வசதியான குடிசையாப் பாத்துத்தானுங்க அனுப்பியிருக்காரு” என்று கணவரின் பெரியப்பா ஒருவர் சொன்னார். பந்தலே சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுகை என்று நினைத்து என் அம்மா முதுகைத் தடவினார். அது கோபம். எனக்குக் கோபம் வந்தால் முதலில் கண்தான் கலங்கும், பிறகுதான் வாய் திறக்கும். தாலி ஏறி அரைமணி நேரம்கூட ஆகாததால் அன்றைக்கு வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டேன்.

என் அப்பா வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்து பங்களாவைச் சுத்தம் செய்து சாமான்களை ஏலம் விட்டபோது மற்றவர்கள் நாற்காலி, பீங்கான், விளக்கு என்று அள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா இந்தப் படக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதற்குப் பெயர் எச்சிங். செப்புத்தகட்டில் மெழுகைப் பூசி, ஊசியால் அதன்மேல் படத்தைக் கீறி, திராவகத்தில் முக்கி எடுப்பார்களாம். கீறிய இடத்தைத் திராவகம் தின்றுவிடும். அந்தப் பள்ளத்தில் மையை நிரப்பித் தாளை வைத்து அழுத்தினால் படம். அந்தத் தகடு அழுந்திய தடம் தாளின் ஓரத்தில் நாலுபக்கமும் இருக்கும். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பழையது, விலைமதிப்பில்லாதது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். விலை மதிக்க யாரும் வரவில்லை என்பதும் உண்மைதான். பெண்ணுக்கு நகையில் குறைத்ததை இதில் ஈடுகட்டியதாக அவருக்கு ஒரு நினைப்பு. பாவம், நல்ல மனுஷன்.

நான் வாழ்க்கைப்பட்டது அன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு. பருத்தியும் சோளமும் போடுகிற பூமி, ஆழக் கிணறு, அதில் ஆழத்தில் மட்டும் தண்ணீர். மொட்டைமாடி வைத்த தார்சு வீடு, முன்னால் களம். களத்தின் அந்தக் கடைசியில், ரோட்டை ஒட்டி ஒரு சாளை. சாளை என்றால் தோட்டத்தில் கட்டியிருக்கும் சின்ன வீடு. நாட்டு ஓடு, மண்சுவர், ஒரே அறை. அதில் என் மாமியார் தனியாக இருந்தார். தனியாக இருந்தார் என்றால் படுத்துக்கொள்ள மட்டும் இல்லை. தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டார்.

எனக்கு அது தெரிந்தபோது பகீரென்றது. எஸ்டேட் குவார்ட்டர்ஸில் நாங்கள் தாத்தா, சித்தப்பா என்று எத்தனை பேர் இருந்தாலும் ஒரே பானைச் சோறுதான். வயசானவளைத் தனியாகப் பொங்கித் தின்ன விடுவது எங்கள் லைனில் நடந்திருந்தால், எஸ்டேட் முழுக்கப் பேசியே கொன்றிருப்பார்கள். நான் வந்ததால்தான் அவர் வெளியே போய்விட்டாரோ என்று பயந்துபோய்க் கணவரைக் கேட்டேன். அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டே சிரித்தார்.

“எங்க பக்கமெல்லாம் அப்படித்தான் புள்ள. பையனுக்குக் கல்யாணம்னு பேச்சு வந்தாலே அப்பனும் அம்மாளும் சட்டிபானையத் தூக்கிட்டுச் சாளைக்குப் போயிருவாங்க. கை கால் ஓடற வரைக்கும் அவங்க சோறு அவங்க, நம்ம சோறு நம்ம. சண்டையெல்லாம் ஒன்னுமில்ல.”

மாமனார் போய்ச் சேர்ந்த பிறகும் மாமியார் அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. முதல் வாரமே ஒரு தூக்குப்போசியில் சாம்பாரை எடுத்துக்கொண்டு களத்தைத் தாண்டிப் போனேன். பருத்திமார் விறகு எரிகிற புகையில் சாளை முழுக்க மங்கலாக இருந்தது. நான் இருமினேன். அவர் இருமவில்லை. “வா கண்ணு” என்று போசியை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் அதே போசி கொள்ளுப்பருப்புடன் திரும்பி வந்தது. மறுநாள் நான் ரசம் கொண்டுபோனேன். அது பச்சைப்பயிறு கடைசலாகத் திரும்பியது. நான் எதைக் கொடுத்தாலும் போசி வெறுமையாக வந்ததே இல்லை. நான் ஊட்டிவிடப் போனவள். அவர் என்னைப் பக்கத்து வீட்டுக்காரியாக வைத்திருந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

படங்களுக்குச் சட்டம் போட நானும் கணவரும் கோயமுத்தூர் போனோம். கோட்டைமேட்டில் சட்டம் போடுகிற பாய் ஒருவரின் கடை. பாய் ஒவ்வொரு படமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல யாருங்கம்மா பெரியவங்க?” என்று கேட்டார். செத்துப்போன உறவுக்காரர்களின் படம் என்று நினைத்திருக்கிறார். இவர்கள் எங்களுக்கு ஒன்றும் ஆகமாட்டார்கள் என்று சொன்னதும் அவருக்குக் குழப்பம் அதிகமானது. ஒன்றும் ஆகாதவர்கள் சமைப்பதையும் துவைப்பதையும் எதற்குச் செலவு செய்து சுவரில் மாட்ட வேண்டும்? நியாயமான கேள்விதான். அதை வாயால் கேட்காமல், “தங்கப்பூப் போட்ட சட்டம் இருக்குதுங்க, அதையே போட்டர்றேன்” என்றார். நானும் சரியென்றேன். சாமி படங்களுக்கு உண்டான பூவேலைச் சட்டத்துக்குள் சீமைக் குடியானவர்கள் போய் உட்கார்ந்தார்கள்.

ஆசாரம் என்கிற முன்கூடத்தில் வரிசையாக மாட்டிவிட்டு மாமியாரைப் பார்க்கக் கூப்பிட்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தையில் மாடு பார்க்கிறவர்போல ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார். ஒரு படத்தில் பெரிய மேஜையைச் சுற்றி அப்பன், ஆத்தா, நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள், எல்லோரும் ஒரே கிண்ணத்தில் ஸ்பூன் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு உயிரான படம் அது. எங்கள் எஸ்டேட் வீடு மாதிரியே இருக்கும். அவர் அதைப் பார்த்து, “சந்தைக்கடையாட்டம் இருக்குது” என்று நகர்ந்துவிட்டார்.

கடைசிப் படத்தின் முன்னால் நின்றவர் நகரவில்லை. ஒரு கிழவி. தனியாக இருக்கிறாள். அடுப்பு பெரியது, ஆள் நுழைகிற அளவு. மேலிருந்து சங்கிலியில் ஒரு கெண்டி தொங்குகிறது. ஒரே நாற்காலி, காலடியில் பூனை. கதவின் மேல்பாதி திறந்திருக்கிறது, கீழ்ப்பாதிக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. கிழவி நம்மைப் பார்க்கவில்லை. நெருப்பைப் பார்த்துக்கொண்டு துருத்தியை அமுக்குகிறாள். யாருமில்லாத ஜீவன் என்று சின்ன வயசில் அழுதிருக்கிறேன்.

“அந்தம்மா மேல பொகையில கட்டித் தொங்க உட்டுருக்குது பாரு கண்ணு. நல்ல எலை” என்றார் மாமியார்.

அடுப்புக்கு மேலே உத்தரத்தில் தொங்கியதைத்தான் சொன்னார். “அது பொகையிலை இல்லீங்க அத்தை. பன்னிக்கறி. உப்புப் போட்டுப் புகையில தொங்க விடுவாங்களாமா.”

மாமியார் சுத்த சைவம். முட்டை இருந்த பாத்திரத்தைக்கூடத் தொடமாட்டார். முகம் சுருங்கிப்போயிற்று. “அத ஏங் கண்ணு சொல்லிப்போட்ட? சும்மா இருந்திருக்கலாமல்ல?” என்றார். பிறகு, “பரவால்ல. இந்தப் படத்த நான் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார்.

நான் மேஜைப் படத்தைத் தருகிறேன், அதுதான் கலகலப்பாக இருக்கும் என்று கெஞ்சிப் பார்த்தேன். இதுதான் வேண்டும் என்றார். தூக்கிக்கொண்டு போய் அடுப்புக்கு எதிர்ச்சுவரில் தானே ஆணி அடித்து மாட்டிக்கொண்டார். மறுநாள் போய்ப் பார்த்தால், கண்ணாடியில் பன்றிக்கறிக்கு நேராக விபூதியைக் குழைத்துத் தடிமனாக அப்பியிருந்தது. கறி தெரியவில்லை. கிழவியின் தலைக்கு மேல் திருநீற்றுத் திட்டு மட்டும் தெரிந்தது. அது காய்ந்து உதிர உதிர, வெள்ளிக்கிழமை தோறும் புதிதாக அப்பிவிடுவார். தனியாக இருக்கிற பொம்பளை இன்னொரு தனிக்கட்டையைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார் என்று நான் உருகிப்போனேன். கணவரிடமும் அப்படியே சொன்னேன். அவர், “அம்மாளுக்கு அந்த அடுப்பு புடிச்சிருக்கும் புள்ள” என்றார். ஆம்பிளைக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போனது. மழை பொய்த்தது, கிணறு அடித்தரை தட்டியது. சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் பருத்தியை விட்டுவிட்டுத் தறி போட ஆரம்பித்திருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் தடக் தடக்கென்று சத்தம். என் கணவரும் தறிக்குடோன் கட்டுவது என்று முடிவு செய்தார். அதற்கு இடம் பார்க்க பேங்க் மேனேஜர் வந்தார். எங்கோ வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், மரியாதையானவர், எல்லோரையும் சார் சார் என்பார். களத்தைச் சுற்றிக்கொண்டே போனவர் சாளை வாசலில் நின்றுவிட்டார். உள்ளே மாமியார் குனிந்து அடுப்பை ஊதாங்குழலால் ஊதிக்கொண்டிருந்தார். மேனேஜர் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சுவரில் திருநீறு பூசின வெள்ளைக்காரக் கிழவியைப் பார்த்தார்.

“இது யாரும்மா? யாராவது மிஷனரி அம்மாவா?”

“தெரியலீங்க சாமி. நல்ல மனுசிதானுங்க” என்றார் மாமியார், ஊதுவதை நிறுத்தாமல்.

வெளியே வந்ததும் மேனேஜர் என் கணவரிடம் தாழ்ந்த குரலில், “தப்பா நினைக்காதீங்க சார். நீங்க இவ்வளவு வசதியா இருக்கீங்க. அம்மாவை இப்படி விட்டிருக்கலாமா?” என்று கேட்டுவிட்டார். நான் காபி டம்ளர்களோடு பின்னாலேயே நின்றேன். என் கணவர் முகம் கறுத்துப்போயிற்று. எங்கள் பக்க வழக்கம் இது என்று அந்த மனுஷனுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

அன்றைக்கு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஊரான் ஒருத்தன் வந்து என்ற அம்மாளப் பாத்து எரக்கப்படறான் புள்ள” என்றார். தட்டில் பாதி அப்படியே இருந்தது. ஊரார் சொல்லுக்கு அவ்வளவு நொந்த மனுஷனை நான் பார்த்ததில்லை. ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். வந்த நாள் முதல் நான் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு ஆபீசர் சொல்லிவிட்டார் அல்லவா!

ஏற்பாடு இப்படி ஆனது. ஆசாரத்தை ஒட்டி அம்மாவுக்குப் புது அறை. ஃபேன், கட்டில், உள்ளேயே பாத்ரூம். சோறு எங்களோடு. கரண்ட் கம்பம் ரோட்டோரம் இருப்பதால் குடோன் அந்தப் பக்கம் வர வேண்டும். அதனால் சாளையை இடித்துவிடுவது. மகன் இதைச் சொன்னபோது மாமியார் முறத்தில் கம்பு புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “உனக்கு எப்படித் தோதோ அப்படிச் செய்யி சாமி” என்றார். அவ்வளவுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. புது அறைக்கு நானே ஓடி ஓடித் திரைச்சீலை தைத்தேன்.

தை பிறந்ததும் அவர் வந்துவிட்டார். டிரங்குப்பெட்டி, பாய், ஒரு சொம்பு. சட்டிபானைகளைப் பளபளவென்று துலக்கி என்னிடம் கொடுத்து, பரண்மேல் போட்டுவிடச் சொன்னார்.

நான் விழுந்து விழுந்து கவனித்தேன். அரிசிம்பருப்பு, சந்தகை, அவருக்குப் பிடித்த ஒப்புட்டு. எல்லாவற்றையும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார். கொஞ்சமாகச் சாப்பிட்டார். சாளையில் இருந்தபோது பசித்தால் காலை எட்டுக்கே கம்பஞ்சோறு கரைத்துக் குடித்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவர், இங்கே நான் கூப்பிடும்வரை அறையில் உட்கார்ந்திருந்தார். “பசிக்குதுங்களா அத்தை?” என்றால், “நீ எப்பப் போட்டாலும் செரி கண்ணு” என்பார். நாற்காலியில் உட்கார்ந்தால் நுனியில்தான் உட்கார்ந்தார். கணவரைத் தேடி யாராவது வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். முன்பெல்லாம் சாளைக்கு யார் வந்தாலும் கதவுக்கு வெளியே எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரிப் பேசுகிற மனுஷி அவர். இப்போது குரலே வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

ஒருநாள் அவர் அறையைப் பெருக்கும்போதுதான் சுவர் மொட்டையாக இருப்பது கண்ணில் பட்டது. “அத்தை, அந்தக் கெழவி படம் எங்கீங்க? கொண்டாந்து மாட்டட்டுங்களா?”

“அதென்னத்துக்கு இங்க?” என்றார். “அந்தம்மா அடுப்போட இருக்குது. இங்க வந்து அது என்ன பண்ணும்?”

நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். துடைப்பத்தோடு ஆசாரத்தைத் தாண்டுவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. துடைப்பத்தைப் போட்டுவிட்டு நேராகச் சாளைக்குப் போனேன்.

பூட்டவில்லை. உள்ளே புகை இல்லாததால் முதல்முறையாக அந்த அறையை முழுசாகப் பார்த்தேன். அடுப்பு மெழுகியிருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. மேலே சின்னதாகக் கோலம். எரியாத அடுப்பை அந்த மனுஷி தினமும் விடிகாலையில் வந்து சாணி போட்டு மெழுகிக் கோலம் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி என் வீட்டுக்கு வந்து நான் தரும் காபிக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இது கோபம் இல்லை, நிஜமான அழுகை.

எதிரே சுவரில் சீமைக்கிழவி இருந்தாள். பிறந்ததிலிருந்து பார்த்த படம். அவள் முகத்தில் துக்கம் என்று ஒரு கோடுகூட இல்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். துருத்தியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். உதடு குவிந்திருக்கிறது, பாட்டு முணுமுணுக்கிறாளோ, பூனையைத் திட்டுகிறாளோ. துக்கமெல்லாம் பார்த்தவர்களுடையது. வரைந்தவன் கதவுக்கு வெளியே நின்று பார்த்து, அய்யோ பாவம், ஆனால் அழகு என்று தகட்டில் கீறியிருப்பான். பங்களாக்காரன் காசு கொடுத்து வாங்கிச் சாப்பாட்டு மேஜைக்கு மேலே மாட்டி, அய்யோ பாவம் என்றிருப்பான். மேனேஜர் அதே இடத்தில் நின்றார், நானும் நின்றேன். சுவரின் விரிசல், பூனையின் மீசை என்று ஒன்றையும் விடாமல் வரைந்தவன் புகையை மட்டும் வரையவில்லை. வெளியே நின்றவனுக்கு அது கண்ணைக் கரிக்கவில்லை போலிருக்கிறது.

அன்றைக்கே கணவரிடம் சொன்னேன். அம்மாவுக்கு அடுப்பு வேண்டும்.

“ரூமுக்குப் பின்னால ஒரு அடுப்பு வெச்சுக் குடுத்தரலாமுங்க” என்றேன்.

“உனக்கென்ன கிறுக்கா?” என்றார். “ஒரே கூரைக்கடியில ரெண்டு அடுப்பு எரிஞ்சா என்னன்னு பேசுவாங்க தெரியுமா? மாமியாளும் மருமகளும் முடியப் புடிச்சுக்கறாங்கன்னு பேசுவாங்க. அதுக்கு அம்மாளே ஒத்துக்க மாட்டாங்க.”

அது உண்மை. தனிச் சாளையில் தனி அடுப்பு என்றால் கௌரவம். ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பு என்றால் வீடு உடைந்துவிட்டது என்று அர்த்தம். இத்தனை வருஷத்தில் அது எனக்கே தெரிந்திருந்தது.

“அப்படின்னா சாளைய இடிக்காதீங்க. குடோனைத் திருப்பிக் கட்டுங்க.”

“நூல் புடிச்சு முளைக்குச்சி அடிச்சாச்சு. மேஸ்திரி நாளன்னைக்கு வாரான். மேனேஜரு வந்து பாத்தாருன்னா, அம்மாள் மறுபடியும் அங்கயே உக்காந்து ஊதிட்டு இருக்கோணுமா? நான் தலை நிமிந்து பதில் சொல்லோணுமல்ல?”

“அந்த மேனேஜருக்காகவா உங்கம்மாளப் பட்டினி போடறீங்க?”

“எவ பட்டினி போட்டா? மூணு வேளையும் வகைவகையாப் போடறது நீதான?”

பதில் இல்லாதபோது நான் கத்துவேன். கத்தினேன். அவரும் கத்தினார். அதன்பிறகு இரண்டு பேரும் மாட்டிடம் மட்டும் பேசிக்கொண்டோம். ரசத்தில் உப்பு அதிகம் என்று அவர் மாட்டிடம் சொன்னார்.

மேஸ்திரி வந்து சாளை ஓட்டைப் பிரிக்க வேண்டிய நாள். காலையிலேயே ஆட்கள் வந்து களத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கணவர் அவசரமாக ஆசாரத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பரிமாறிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினேன். பின்னாலேயே மாமியார் வந்து அடுப்படி வாசலில் நின்றார். நிலைப்படியைத் தாண்டவில்லை. கையில் அவருடைய சொம்பு.

“கண்ணு, கொஞ்சம் தண்ணி எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டார்.

அந்தக் கிணற்றை வெட்டும்போது மண் சுமந்தவர் அவர். அந்த வீட்டின் செங்கலுக்கு இடுப்பில் குடம் வைத்துத் தண்ணீர் ஊற்றியவர் அவர். எடுத்துக்கோங்க என்று சொல்ல நான் யார்? வேண்டாம் என்று சொல்ல நான் யார்? சொம்பை வாங்கவும் தோன்றாமல் நின்றேன்.

ஆசாரத்தில் தட்டை வைக்கிற சத்தம் கேட்டது. கணவர் கையைக்கூடக் கழுவவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இட்லிக் கையோடு களத்தில் இறங்கிப் போய், அடித்திருந்த முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். மேஸ்திரி டீ டம்ளரோடு பின்னாலேயே ஓடினார்.

“ஏனுங்க, என்னாச்சுங்க?”

“வூட்டுக்குப் பின்னால போடுங்க. அந்தக் கொல்லப்பக்கம்.”

“கம்பம் தூரமாயிருமுங்களே. கம்பி இழுக்கோணுமல்லங்க?”

“இழுத்துக்கலாம். சாளையில ஒருத்தனும் கை வைக்கப்படாது.”

கொல்லைப்பக்கம் என்பது என் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் பின்னால். என் முருங்கை போயிற்று, துவைக்கிற கல் போயிற்று, மத்தியானத் தூக்கமும் போயிற்று. அந்தத் தறிச் சத்தத்தில் இருந்து இருந்து இன்றைக்கும் எனக்கு ஒரு காது மந்தம். அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை என்று சொன்னால் பொய். வெயில்காலத்தில் பட்டிருக்கிறேன்.

மகன் தன்னிடம் வந்து ஏதாவது சொல்வான் என்று மாமியார் எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை. மகனும் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் சொல்லிக்கொள்கிற பழக்கம் கிடையாது. மத்தியானம் கணவரே பரண்மேல் ஏறிச் சட்டிபானைகளை இறக்கிக் களத்தில் வைத்தார். மாமியார் அறையிலிருந்து வெளியே வந்து அவற்றைப் பார்த்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பெரியதில் சின்னதை அடுக்கி ஒரே தூக்காகத் தூக்கினார். நான் ஒன்றைப் பிடிக்கப் போனேன். “உடு கண்ணு, எனக்குத் தெரியும்” என்று வெடுக்கென்று சொன்னார். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

மறுநாள் காலையில் சாளைக் கூரையில் புகை எழுந்தது. உதவிக்குப் போகக்கூடாது என்று என்னை நானே கட்டிப்போட்டு வைத்திருந்தேன். உச்சிவேளைக்குமேல் பொறுக்கவில்லை. கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் களத்தைத் தாண்டிப் போனேன். எனக்கு முன்னால் அங்கே என் கணவர் இருந்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புகையில் கண் சிவந்திருந்தது. புகைதான் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

“என்ன கண்ணு, வாசல்லயே நிக்கற?”

“சும்மாதானுங்க அத்தை வந்தேன்.”

“உள்ள வா. உக்காரு.”

தட்டைப் போட்டார். கொதிக்கக் கொதிக்கச் சோறு, கொள்ளுப்பருப்பு, நல்லெண்ணெய். வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன், சொல்ல வாய் வரவில்லை. அவர் அடுப்புப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் இரண்டு பேர் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்லாச் சாப்புடு சாமி” என்றார் மகனிடம். என் பக்கம் திரும்பி, “இன்னுங் கொஞ்சம் போட்டுக்க கண்ணு” என்றார்.

என் வீட்டில் இருந்த அத்தனை நாளும் அவர் யாரிடமும் இந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சொல்ல அவருக்கு அங்கே தன்னுடையது என்று ஒரு பிடி சோறு இருந்ததில்லை. வயிற்றில் எனக்கு இடமே இல்லை. தட்டை நீட்டினேன்.